கப்பலுக்கு முன்னால் ஒரு துட்டி வீடு

1

எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடம் ஆகப்போகிறது என்பதை நானும் சுமதியும் மறந்தே போயிருந்தோம். நினைவில் வைத்திருந்தது மகள் கயல். ஹாம்பர்கில் பிறந்து வளர்ந்த பெண். இந்த ஊரில் பெற்றோரின் இருபத்தைந்தாம் வருடத்தைப் பிள்ளைகள் கொண்டாடாமல் விட்டால், குடும்பத்துக்குள் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. அவள் வேலைக்குப் போக ஆரம்பித்து இது இரண்டாவது வருடம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து எங்கள் இருவரோடு தனக்கும் சேர்த்து ஒரு கப்பல் பயணம் வாங்கி, சீட்டை உறையில் போட்டு, ரிப்பன் கட்டி, காலையில் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாள்.

ஹாம்பர்கில் கப்பலுக்குப் பஞ்சமில்லை. எங்கள் சன்னலைத் திறந்தால் ஏதாவது ஒரு உல்லாசக் கப்பலின் புகைக்குழாய் தெரியும். இங்கேயே ஏறி நார்வே பக்கம் போய்விட்டு வந்திருக்கலாம். ஆனால் கயல் எடுத்திருந்தது கொச்சியில் ஏறி, கொழும்பு, மாலத்தீவு போய், மறுபடி கொச்சியிலேயே இறங்குகிற பயணம். ஞாயிறு ஏறினால் வெள்ளி இறங்கலாம். அவள் ஜெர்மனில் நீளமாக விளக்கினாள். சுமதி அதைச் சுருக்கித் தமிழில் எனக்குச் சொன்னாள்: "ஊரையும் பாத்தாப்ல ஆச்சு, கடலையும் பாத்தாப்ல ஆச்சுன்னு சொல்லுகா." எனக்கு ஜெர்மன் தெரியாது என்று அர்த்தமில்லை. மகள் வேகமாகப் பேசினால் எனக்குப் பாதி கழிந்துதான் காதில் ஏறும்.

கப்பலுக்கு முன்னால் இரண்டு நாள் காரில் சுற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அதிகாலை திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கும். அங்கிருந்து திற்பரப்பு அருவி, பத்மநாபபுரம் அரண்மனை, கன்னியாகுமரி. சனிக்கிழமை சூரிய உதயம், சுசீந்திரம், தோவாளைப் பூச்சந்தை, அப்படியே கொச்சி. கைப்பேசி வரைபடத்தில் இடத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள். பொட்டைத் தொட்டால் திறக்கும் நேரம், கட்டணம், போய்வந்தவர்கள் கொடுத்த நட்சத்திரம் எல்லாம் வருகிறது. சின்ன வயதில் கூட்டாளிகளோடு சைக்கிளில் போய்க் குளித்த அருவிக்கு நாலரை நட்சத்திரம் கிடைத்திருந்தது. கழிப்பறை போதாது என்று யாரோ அரை நட்சத்திரத்தைக் குறைத்திருக்கிறார்.

பொட்டுகளில் ஒன்று தோவாளையில் என் அக்கா வீடு. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி, அரண்மனைக்கும் கன்னியாகுமரி அஸ்தமனத்துக்கும் நடுவில்.

அதை முதலில் கவனித்தவள் சுமதி. கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை போயி ஆராவது துட்டி கேப்பாவளா?" என்றாள்.

2

எங்கள் பக்கத்துக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். துட்டி என்றால் சாவு. சாவு நடந்த வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வருவதுதான் துட்டி கேட்பது. செவ்வாயும் வெள்ளியும் அதற்குப் போகக்கூடாது. வெளியூரில் இருக்கிற நெருங்கிய சொந்தம் சாவுக்கு வர முடியாமல் போனால், பிறகு எப்போது ஊருக்கு வந்தாலும் முதலில் மிதிக்க வேண்டியது அந்த வீட்டு வாசலைத்தான். அதற்கு முன்னால் வேறு வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்தால்கூடப் பேச்சாகிவிடும்.

அக்காவின் பெயர் பகவதி. என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவள் கணவர், என் அத்தான், போன வருடம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துபோனார். நான் போகவில்லை. போகமுடியவில்லை என்பதுதான் சரி. அதற்குச் சில நாள் முன்புதான் எனக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைத்திருந்தது. அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து என் இந்தியக் கடவுச்சீட்டு செல்லாது. ஜெர்மன் கடவுச்சீட்டோ இனிமேல்தான் அச்சாகி வரவேண்டும். யார் மேலும் குற்றமில்லை, சட்டம் அப்படி. இரண்டு நாட்டுக்கும் நடுவில் சில வாரம் ஒரு பேப்பரும் இல்லாமல் இருந்தேன். அந்தச் சில வாரத்துக்குள் அத்தான் போய்விட்டார்.

வேறு யாருடைய சாவாக இருந்தாலும் இது பெரிய விஷயமில்லை. புருஷன் இறந்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். கூடப் பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து அத்தனை பேர் முன்னால் அவள் தோளில் போடுவான். உனக்குக் கேட்க ஆள் உண்டு என்று ஊருக்குக் காட்டுகிற சடங்கு அது. எங்களுக்கு அப்பா இல்லை. அக்காவுக்கு நான் ஒரே தம்பி. எனக்குப் பதிலாகச் சித்தப்பா மகன் தாணு அண்ணன் கோடி போட்டார். நான் இங்கே சமையலறையில் நின்று வாட்ஸாப்பில் பார்த்தேன். கைப்பேசியைப் பிடித்திருந்தவர் கை வலித்து இறக்கிவிட்டாரோ என்னவோ, கோடி போடுகிற நேரத்தில் பந்தல் கால் மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் என் கையைப் பிடித்து, இந்த ஊர் முறைப்படி, மனமார்ந்த அனுதாபங்கள் என்றார். பதிலுக்கு நான் 'உங்களுக்கும் அவ்வாறே' என்றேன். சாப்பிட உட்காரும்போது சொல்லிக்கொள்கிற வாழ்த்துக்குத் தரவேண்டிய பதில் அது. வருடக்கணக்கில் பழகிய வாய், வரிசையில் அடுத்து நின்றதை எடுத்துக் கொடுத்துவிட்டது. அவர் நல்ல மனிதர், நன்றி என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சாவுக்குப் பிறகு போனில் அக்கா பேச்சு குறைந்துபோயிற்று. முன்பெல்லாம் தெருவில் யார் வீட்டு மாடு ஈன்றது என்பது வரை சொல்லாமல் வைக்கமாட்டாள். இப்போது நான் கேட்பதற்கு "ம்", "உண்டும்", "செரி" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எனக்கு அது ரொம்ப உறுத்திக்கொண்டிருந்தது. ஒரே தம்பி என்கிற இடம் இன்னும் எனக்கு இருக்கிறதா, தாணு அண்ணனுக்குப் போய்விட்டதா என்று தெரியவில்லை. போனில் கேட்கிற காரியமும் இல்லை.

3

கயலுக்கு இதைப் புரியவைக்க ஒரு முழு மாலை செலவானது. அவள் எடுத்த எடுப்பில் கேட்டது, "அத்தை வீடு வெள்ளிக்கிழமை மூடியிருக்குமா?" என்று. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை என்று குறித்துவைத்திருந்தாள். அத்தை வீட்டுப் பொட்டுக்குக் கீழேயும் செவ்வாய், வெள்ளி விடுமுறை என்று எழுதிக்கொண்டாள். அவளைக் கோபிக்க முடியாது. அவள் தமிழ் நிதானமாக வரும், தப்பில்லாமலும் வரும். ஆனால் நாங்கள் வீட்டில் பேசாத விஷயங்கள் அவள் தமிழில் கிடையாது. சாவைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசியதில்லை.

சனிக்கிழமை காலையில் முதல் வேலையாக அக்கா வீடு என்று முடிவாயிற்று. அப்படியானால் வெள்ளிக்கிழமை எங்கே போவது? திருவனந்தபுரத்திலேயே அறை எடுத்துக் கிடக்கலாம் என்றாள் சுமதி. ஒரு நாளை அங்கே போக்கிவிட்டால் அருவியும் இல்லை, அரண்மனையும் இல்லை, சனிக்கிழமை எல்லாம் தலைக்குமேல் வந்து விழும். பிள்ளை ஆசையாகப் போட்ட திட்டம். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் போகவேண்டியது அக்கா வீடு என்பதுதானே முறை? அருவி யாருடைய வீடும் இல்லை. அரண்மனையிலும் இப்போது யாரும் குடியில்லை. கன்னியாகுமரியில் தங்கப்போவது ஓட்டலில். ஆக, ஒரு வீட்டு வாசலையும் மிதிக்காமல் வெள்ளிக்கிழமையைக் கழித்துவிட்டு, சனிக்கிழமை காலையில் அப்போதுதான் வந்ததுபோல அக்கா வீட்டுக்குப் போகலாம்.

"மைனி காதுக்குப் போச்சுன்னா?" என்றாள் சுமதி. மைனி என்பது அவள் என் அக்காவைக் கூப்பிடுகிற முறை.

"ஆரு போய்ச் சொல்லப்போறா?" என்றேன்.

இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தவன் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது. சொந்த ஊரில் சுற்றுலாப் பயணியாக ஒரு நாள் ஒளிந்திருக்க முடியும் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

விசா விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். இதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததுண்டா என்று கேட்டிருந்தது. உண்டு என்று போட்டேன். கடைசியாகத் தங்கிய முகவரி கேட்டது, கொடுத்தேன். பிறந்து முப்பது வயது வரை அங்கேயேதான் இருந்தேன் என்று சொல்ல அதில் இடமில்லை. வருகையின் நோக்கத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க விடுகிறது. சுற்றுலா என்றும் இருந்தது, உறவினரைப் பார்க்க என்றும் இருந்தது. கப்பல் சீட்டை இணைக்க வேண்டியிருந்ததால் சுற்றுலா என்பதைத் தொட்டேன். 

அக்காவிடம் போனில், இந்த மாதக் கடைசியில் வருகிறோம் என்று மட்டும் சொன்னேன். துட்டி கேட்க வருவதை நாள் குறித்துச் சொல்கிற வழக்கமில்லை. கப்பலைப் பற்றிச் சொல்லவில்லை. "செரி" என்றாள்.

4

வெள்ளிக்கிழமை எல்லாம் திட்டப்படி நடந்தது, பதினொரு மணி வரை.

விமானநிலையத்தில் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் காரோடு காத்திருந்தார். மார்த்தாண்டம் சந்திப்பின் நெரிசலைத் தாண்டிக் குலசேகரம் வழியாகத் திற்பரப்பு போய்ச் சேர்ந்தோம். அருவியில் நல்ல தண்ணீர். சுமதி இறங்கமாட்டேன் என்று கரையில் நின்றுகொண்டாள். கயல் பெண்கள் பக்கம் போனாள். நான் துண்டைக் கட்டிக்கொண்டு ஆண்களோடு ஆணாக அருவிக்கடியில் தலையைக் கொடுத்தேன். விமானத்தில் உட்கார்ந்து வந்த முதுகுக்கு அந்த அடி வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர் முகத்தைத் துடைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏலே, மாதேவனால்லா?"

தாணு அண்ணன். அவர்கள் தெருக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள்.

"எப்பம்லே வந்த?"

"காலம்பறதான் அண்ணே."

"பகவதி வீட்டுக்குப் போனியா?"

"இல்ல. இன்னைக்கி வெள்ளிக்கிழமைல்லா. நாளைக்கிப் போணும்."

"அதுவுஞ் செரிதான்." துண்டைப் பிழிந்தார். "அருவில குளிக்கதுக்கு வெள்ளிக்கிழமை பாக்காண்டாம்."

துட்டி வீட்டுக்குப் போய்வந்து குளிப்பார்கள். குளித்துவிட்டுப் போகிறவனை அவர் அன்றுதான் பார்த்திருப்பார். அதற்குள் கயல் தலையைத் துவட்டியபடி வந்தாள். இன்னார் என்று சொன்னதும் கைகூப்பினாள். ஊருக்கு வந்த காரணத்தை அவர் கேட்டார். நாங்கள் கப்பலைப் பற்றிச் சொல்லவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவைக்கவில்லை.

"பெரியப்பா, நாங்க கப்பல்ல போறோம். கொழும்பு, மாலத்தீவு. அம்மா அப்பாவுக்குக் கல்யாண நாள்" என்றாள், நிறுத்தி நிறுத்தி, அழகாக.

"கொள்ளாம் மக்களே, கொள்ளாம்" என்று மெச்சிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்பம் துட்டி கேட்டுட்டு நேரே கப்பல் ஏறுதியாக்கும்?"

கிண்டலாகச் சொன்னாரா, சும்மா கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகு அரண்மனையில் நான் எதையும் பார்க்கவில்லை. மரவேலைப்பாடு எல்லாம் கயல் படமெடுத்துக்கொண்டாள்.

கன்னியாகுமரியில் ஓட்டல் அறைக்குள் நுழைந்து பெட்டியை வைப்பதற்குள், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸாப் குழுவில் அக்காவின் குரல் வந்து கிடந்தது. மாதக்கணக்காக அந்தக் குழுவில் அவள் வாய் திறந்ததில்லை.

"எனக்க தம்பி ஊருக்கு வந்திருக்கானாம். திற்பரப்புல குளிச்சானாம். கப்பல்லயும் போறானாம். எல்லாரும் கேட்டுக்கிடுங்கோ."

அவ்வளவுதான். சுமதி அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டாள்.  என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

5

சனிக்கிழமை சூரிய உதயம் பார்க்கக் கயல் மட்டும் போனாள். திரும்பி வந்ததும் கிளம்பிவிட்டோம்.

தோவாளையில் பூச்சந்தையைத் தாண்டும்போது அவள் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். ஜெர்மனியில் ஒருவர் வீட்டுக்குப் போனால் பூவோடுதான் போவார்கள். இங்கேயோ மலை மலையாகப் பூ குவிந்து கிடக்கிறது. இரண்டு முழம் பிச்சிப்பூவை வாங்கி இலையில் பொதிந்து அத்தைக்கு என்று எடுத்துவந்தாள். சுமதி அதை வாங்கிக் காரின் பின் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். பிறகு ஏன் என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள். கயல் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்படியானால் அத்தைக்கு எதைத்தான் கொடுக்கலாம் என்று ஜெர்மனில் கேட்டாள். 

அக்கா முன்னறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். அவள் மகன் மஸ்கட்டில் இருக்கிறான், வீட்டில் அவள் மட்டும்தான். துட்டி கேட்க வருகிறவரை வா என்று கூப்பிடமாட்டார்கள். அவளும் கூப்பிடவில்லை. சுமதி போய் அவள் தோளைப் பிடித்து அழுதாள், அக்காவும் கொஞ்சம் அழுதாள். நான் அவள் கைகளைப் பிடித்துவிட்டு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தேன்.  கயல் பாயிலேயே அத்தையை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அருவில தண்ணி கெடந்தா?"

"கெடந்து" என்றேன்.

"கப்பலு என்னைக்கி?"

"நாளைக்கி."

"கயலு எங்களுக்குத் தெரியாம எடுத்த சீட்டு மைனி" என்று சுமதி ஆரம்பித்தாள்.

"பிள்ளை செஞ்சது நல்ல காரியம். நான் அவளச் சொல்லல்ல. நீங்க நல்லா இருங்கோ." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தாணு போட்ட கோடியும் நல்ல சேலைதான். கொறை சொல்லப்பிடாது."

இதற்காக நான் பத்து மாதம் தயார் செய்து வைத்திருந்த பேச்சு ஒன்று உண்டு. கடவுச்சீட்டு, சான்றிதழ், சட்டம் எல்லாம் அதில் வரும்.  வாயில் வந்தது வேறொன்று.

"வெள்ளிக்கிழமைன்னுதான் அக்கா நேத்து வரல்ல."

அக்கா முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை துட்டி கேக்கத்தாம்லே வரப்பிடாது. அக்காவப் பாக்கதுக்கு என்ன?" என்றாள். குரல் உயரவில்லை. "பத்து மாசமாட்டு இங்க வாறவிய எல்லாம் செத்த மனுசனுக்கு வேண்டி வாறாவ. இருக்காவ, எந்திச்சுப் போறாவ. பகவதி எப்பிடி இருக்கான்னு பாக்கதுக்கு ஒருத்தரும் வரல்ல. நீ வந்தா அப்பிடி வருவன்னு நெனச்சிருந்தேன். நீயும் நாளு பாத்துல்லா வாற."

 முறை தவறிவிடக்கூடாது என்று கணக்குப் போட்டுப் போட்டு, கடைசியில் அவளை நான் திட்டத்தில் ஒரு பொட்டாகத்தான் வைத்திருந்தேன். கயலாவது நான்கு மணிக்கு என்று நேரம் போட்டிருந்தாள். அதையும் அடித்தது நான்தான்.

கார்க்காரர் வெளியே ஹாரனை லேசாகத் தொட்டார். சாலைவேலை நடக்கிறது, கொச்சி போய்ச்சேர இருட்டிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார். சுமதி என்னைப் பார்த்தாள். எழுந்தோம்.

துட்டி வீட்டிலிருந்து போகிறவர் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அந்த வீட்டில் மறுபடி ஒரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும் என்பார்கள். எழுந்து பேசாமல் இறங்கிப் போய்விட வேண்டும். சுமதி அப்படியே இறங்கினாள். நானும் வாசலில் செருப்பைத் தேடினேன். கயலுக்குக் கிழமையைப் பற்றிச் சொல்லியிருந்தோம், பூவைப் பற்றிச் சொல்லியிருந்தோம், இதைச் சொல்ல மறந்திருந்தோம். சொல்லாமல் போவது மரியாதையில்லை என்று பாலர் பள்ளியிலிருந்து படித்து வளர்ந்த பிள்ளை. அவள் அத்தையைக் கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, தெளிவாகச் சொன்னாள்.

"போயிட்டு வாறேன், அத்தை."

சுமதி படியிலேயே நின்றுவிட்டாள். "ஏட்டி..." என்று அவள் வாயிலிருந்து பாதிதான் வந்தது.

அக்கா கயலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயல் எங்கள் முகங்களைப் பார்த்து, எதையோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று தெரிந்து, எது என்று தெரியாமல் விழித்தாள்.

"எப்பம் வருவ?" என்றாள் அக்கா.

கேள்விக்குக் கயல் உண்மையாகவே பதில் தேடினாள். கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். கப்பல் வெள்ளிக்கிழமை காலையில் கொச்சிக்கு வந்துவிடும், அன்று ராத்திரி விமானம், அதை இரண்டு நாள் தள்ளிப்போடலாம், திருவனந்தபுரத்திலிருந்து போகிற மாதிரி மாற்றலாம் என்று தனக்குத்தானே ஜெர்மனில் சொல்லிக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரலாம் அத்தை. வெள்ளிக்கிழமை பரவால்லையா?"

"வெள்ளிக்கிழமையே வா மக்களே" என்றாள் அக்கா. பாயிலிருந்து கையூன்றி எழுந்தாள். "ராத்திரி இங்கதான் சாப்பாடு. ரெண்டு நாளு நின்னுட்டுப் போலாம். தீயல் வைக்கேன், திம்பியா?"

கயல் தலையாட்டினாள். அக்கா அவள் தலையைத் தடவிவிட்டு, நிலைப்படிவரை வந்து, அங்கே நின்று என்னைப் பார்த்தாள்.

"நீ ஒண்ணும் சொல்லாமப் போறியா?"

"வாறேன் அக்கா" என்றேன்.

"வா" என்றாள்.